அவங்க வரட்டும்

பாடுகிறவர் பாட வேண்டிய இடத்தில் வாய் திறக்காவிட்டால் மேடையில் இருக்கும் மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எங்கள் குழுவில் அப்படி இல்லை. பேஸ் கிட்டார் வாசித்தவர் பதறவே மாட்டார். இரண்டே இரண்டு சுரங்களைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வாசிப்பார். கேட்பவர்களுக்குப் பாட்டே அப்படித்தான் என்று தோன்றும். பாடுகிறவருக்கு வரி ஞாபகம் வந்ததும், இருமல் நின்றதும், கைக்குட்டை அகப்பட்டதும் உள்ளே வந்துகொள்ளலாம். அதுவரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவரைப் போல அவர் நிற்பார்.

“அவங்க வரட்டும்” என்பார். அவர் வாயில் நான் அதிகமாகக் கேட்ட பேச்சு அதுதான்.

நான் அந்தக் குழுவில் சவுண்ட் பார்த்தேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மிக்சருக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருப்பது எனக்குத் தோதான வேலை. அங்கிருந்து எல்லோரையும் பார்க்கலாம், நம்மை யாரும் பார்க்க மாட்டார்கள். அப்படிப் பன்னிரண்டு வருடத்தில் நான் அதிகம் பார்த்தது அவரைத்தான்.

எல்லோருக்கும் அவர் ‘பேஸ்’தான். பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் ஊர் பதுளையில் பாதிப் பேருக்குத் தெரியாது. பஸ் நிலையத்துக்கு மேலே இருக்கிற தெருவில், படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் வேலை. ஒல்லியாக, உயரமாக, கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டையோடு இருப்பார். கிட்டார் வாரைச் சுமந்து சுமந்து இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒரு நாள் நான் கடைக்குப் போனபோது ஒரு அம்மா, செத்துப்போன கணவரின் படத்தை வைத்துக்கொண்டு கறுப்புச் சட்டமா பொன்னிறச் சட்டமா என்று தீர்மானிக்க முடியாமல் நின்றார். கடை மூடுகிற நேரம், முதலாளி பூட்டைக் கையில் எடுத்துவிட்டார். இவர் ஒரு ஸ்டூலை அந்த அம்மாவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, ஏற்கனவே துடைத்த கண்ணாடிகளை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார். முக்கால் மணித்தியாலம். கடைசியில் அந்த அம்மா பொன்னிறம் என்றார்.

எங்கள் டிரம்காரர் சமனுக்கு இது ஒத்தே வராது. சமன் சிங்களவர். எங்களோடு சேர்ந்து சேர்ந்து எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். வேனும் அவருடையதுதான். ஒரு முறை வேன் பழுதாகி எல்லோரும் ரயிலில் போனோம். சமன் முதலிலேயே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அது தெரியாமல் பேஸ் பிளாட்பாரத்தில் நின்று சமனுக்காகக் காத்திருந்தார். ரயில் புறப்பட்டது. ஜன்னல் வழியே சமன் தலையை நீட்டி, “டேய் மச்சான், யாருக்குடா நிக்கிற?” என்று கத்தினார்.

“ஒனக்குத்தான்டா!” என்று இவரும் கத்தினார். பிறகு பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்.

அன்றைக்குச் சமன் சொன்னார்: “ஒனக்குச் சாவும் லேட்டாத்தான் வரும் மச்சான்.”

“நல்லதுதானே” என்றார் இவர்.

மாலாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பாடகி அவர். கீபோர்டும் வாசிப்பார். ஹாலிஎலையில் வீடு, இரண்டு பிள்ளைகள். வேன் வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் எந்தச் சேலை என்று யோசிப்பார். பேஸ் இல்லாவிட்டால் சமனும் மாலாவும் ஒரு மாதம்கூட ஒரே குழுவில் இருந்திருக்க மாட்டார்கள்.

எல்லோருக்காகவும் காத்திருந்த மனிதர் தன் விஷயத்திலும் அப்படியே இருந்தார். ஹல்துமுல்லைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவம் பார்க்கிற செலின் என்ற பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அது. தோட்டத்து மாதா கோயில் பாடகர் குழுவிலும் செலின் பாடுவார். திருவிழாவுக்கு வாசிக்கப் போன இடத்தில் பழக்கமானது. வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஃபோன். இப்படியே ஏழு வருடம் போயிருந்தது. இரண்டு பேருக்கும் நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது.

“கேட்டுட்டியாடா?” என்று சமன் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கேட்பார்.

“அவங்க மனசு வரட்டும்” என்று இவர் ஒவ்வொரு நத்தாருக்கும் சொல்வார்.

அந்த வருடம் வியாழன் போயா, வெள்ளி நத்தார், பிறகு சனி, ஞாயிறு. பௌர்ணமிப் போயா பௌத்தர்களுக்குப் புனித நாள், அன்றைக்கு வாசிக்க முடியாது. மற்ற மூன்று நாளில் எங்களுக்கு நான்கு இடங்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பதுளையில் பிள்ளைகளுக்கு ஒரு விழா. சனிக்கிழமை காலையில் நமுனுகுலப் பக்கத் தோட்டத்தில் கல்யாணம், மாலையில் எல்ல ஊரில் ஒரு ஹோட்டல். ஞாயிறு மூன்று மணிக்கு ஹாலிஎலையில் ஒரு கடைக்காரர் தம்பதிக்குக் கல்யாண வெள்ளி விழா.

வெள்ளிக்கிழமை நத்தார் தாத்தா வேஷம் போட்டவருக்குத் தாடியின் ரப்பர் அறுந்துவிட்டது. வெளியே யாரோ ஊசி நூல் தேடிக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் பேஸ் தன் இரண்டு சுரத்தில் சுற்றினார். பிள்ளைகள் அதற்கே ஆடித் தீர்த்துவிட்டார்கள். தாத்தா வந்தபோது கேக் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

சனிக்கிழமை இன்னும் மோசம். பொண்ணு மண்டபத்துக்குள் வந்து நிற்கிறது, மாப்பிள்ளையைக் காணோம். படம் எடுப்பவர் அவரைத் தேயிலை மலைக்குக் கூட்டிப்போயிருந்தார். அங்கே சப்பாத்து சேற்றில் புதைந்துவிட்டதாம். மாப்பிள்ளை உள்ளே வரும்போது வாசிக்கிற இசையைத் தொடங்கியாயிற்று, நிறுத்த முடியாது. பேஸ் சுற்றினார். பதினைந்து நிமிடம் இருக்கும். பொண்ணின் அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தார்.

“தம்பி, இந்தப் பாட்டு எப்பதான் முடியும்?”

“மாப்பிள்ள வந்தா முடியும் மாமா.”

“அவன் வராட்டி?”

“வருவாருங்க. சப்பாத்து வரட்டும்.”

மாப்பிள்ளை ஒரு காலில் சேறும் மறு காலில் சப்பாத்துமாக வந்து சேர்ந்தபோது மண்டபமே தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது. 

செலினின் ஃபோன் வந்தது அந்தக் கல்யாணச் சாப்பாட்டின்போதுதான். பேஸ் கடைசிப் பந்திக்காக நின்றுகொண்டு வயர் சுற்ற எனக்கு உதவி செய்துகொண்டிருந்தார். ஃபோனைத் தோளில் இடுக்கியிருந்தார். பழைய ஃபோன், உள்ளே பேசுவது வெளியே கேட்கும்.

“நாளன்னைக்கு ஹட்டன்ல இருந்து என்னைப் பாக்க வர்றாங்க. அண்ணன் வாக்குக் குடுத்துருவாரு. நாளைக்குப் பன்னெண்டரை பஸ்ஸுல அவரு சாமான் வாங்கப் பண்டாரவளைக்குப் போறாரு. அதுக்கு முந்தி பெரியவங்களோட வந்து முறையா கேளுங்க. இல்லாட்டி விட்டுருங்க.”

“இல்லங்க, உங்க மனசு வரட்டும்னுதான்...”

“என் மனசு ஏழு வருஷமா இங்கதாங்க இருக்கு. நீங்க சுத்துனது போதும்.”

ஃபோன் நின்றுவிட்டது. அவர் கையில் பாதி சுற்றிய வயர் இருந்தது. அதை அவிழ்த்து மறுபடி முதலில் இருந்து சுற்றினார்.

முறையாகக் கேட்பது என்றால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது. மூத்த ஆண் ஒருவர் பேச வேண்டும். இவருக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. குழுவில் மூத்தவன் நான். ஒன்பது மாதம் மூத்தவன். அதற்காகவே என்னை ‘அண்ணே’ என்று கூப்பிடுவார். அதுவரைக்கும் அது ஒரு கேலி.

“அண்ணே, நீங்கதான் பேசணும்.”

“நானா? சமன் பேசட்டும்.”

“நான் பேசுனா அந்த அண்ணன்காரன் சிரிச்சிருவான் மச்சான்” என்றார் சமன். “எனக்கு ‘ழ’ வராது.”

“ரெண்டே ரெண்டு வரிதானே” என்றார் மாலா. “நான் சொல்லித் தர்றேன்.”

அன்றிரவு எல்லவில் வாசித்து முடித்து வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. “என்னைக் கேட்டு வந்தப்பவே நீங்க பேசல. உங்க சித்தப்பாதான் பேசுனாரு” என்றாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பதுளையில் புறப்பட்டோம். மூன்று மணிக்கு ஹாலிஎலையில் வாசிக்க வேண்டும் என்பதால் சாமான் எல்லாம் வேனுக்குள்ளேயே இருந்தது. ஹாலிஎலையில் மாலா வீட்டு வாசலில் வேன் நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

சமன் ஹோர்னில் கை வைத்தார். பேஸ் தடுத்தார்.

“வரட்டும்டா. பிள்ளைகளுக்குச் சாப்பாடு குடுத்துட்டு வரணும்ல.”

“மச்சான், இது ஒன் கல்யாணம்டா! வேற எவனோடதும் இல்ல!”

“அது தெரியும். வரட்டும்.”

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. மாலா பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவும் கையில் ஒரு பித்தளைத் தட்டுமாக வந்தார். வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே ஒரு நத்தார் கேக். “பொண்ணு கேக்கப் போறோம், சும்மாவா?” என்றார். பூ வாங்கிக்கொண்டு வரத்தான் நேரமானதாம். இவர் நன்றி சொன்னார்.

பண்டாரவளை தாண்டும்வரை எனக்குப் பாடம் நடந்தது. ‘நாங்க ஒரு நல்ல காரியமா வந்திருக்கோம். உங்க வீட்டுப் பொண்ண எங்க வீட்டுப் பையனுக்குக் கேட்டு வந்திருக்கோம்.’ வேனுக்குள் நன்றாகத்தான் வந்தது. அப்புத்தளையில் மூடுபனி. சமன் விளக்கைப் போட்டு ஊர்ந்தார். திடீரென்று மாலா எங்களை எண்ணினார்.

“ஐயோ! நாலு பேரு!”

“அதுக்கென்ன?” என்றார் சமன்.

“நாலு பேரு பாடை தூக்கத்தான் போவாங்க. நல்ல காரியத்துக்கு அஞ்சு பேரு போகணும்.”

“இப்ப நான் அஞ்சாவது ஆள எங்க போய் எடுக்குறது? டிரம்முக்குச் சட்ட போட்டு ஒக்கார வைக்கவா?”

பெரகலைச் சந்தியில் ஒரு பெரியவர் குடையோடு நின்றார். வெல்லவாய பஸ்ஸுக்காக நின்றவர். கையில் ஒரு பை பேரிக்காய், மகள் வீட்டுக்கு. லீவு நாள், பஸ் ஒன்றரைக்குத்தான் என்றார். மாலா இறங்கி அவரிடம் என்ன சொன்னாரோ, அவர் எங்கள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வெல்லவாய ஒரு பக்கம், ஹல்துமுல்லை இன்னொரு பக்கம். “பஸ்ஸுக்கு முந்தி கொண்டாந்து விட்டுருவீங்கல்ல?” என்று மட்டும் கேட்டார். 

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. செலினின் அண்ணன் அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நூறு பேரைக் குரலால் நிறுத்தி வைக்கிறவர். கையில் பையோடு வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். எங்களையும் எங்கள் பின்னால் வேன் நிறைய இருந்த பெட்டிகளையும் பார்த்தார்.

“என்ன, வீடு மாறி வந்துட்டீங்களா?”

அவர் மனைவிக்கு முன்னாலேயே விஷயம் தெரியும்போல. “உள்ள வாங்க, உள்ள வாங்க” என்று ஓடி வந்தார். வந்த வேகத்தில் பெரியவர் கையிலிருந்த பையை வாங்கி, “எதுக்குங்க இதெல்லாம்” என்று பேரிக்காய் முழுவதையும் தட்டில் கொட்டி அடுக்கினார். பெரியவர் காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

உட்கார்ந்தோம். கணக்கப்பிள்ளை நரைத்த தலையைத் தேடி, பெரியவரிடம் திரும்பினார்.

“ஐயா மாப்பிள்ளைக்கு என்ன ஒறவு?”

“நான் பெரகலையில ஏறுனேங்க” என்றார் பெரியவர்.

மாலா என் முழங்கையில் இடித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அறையில் மிக்சர் இல்லை. குனிந்து ஒளிந்துகொள்ள ஒன்றுமில்லை. சுவரில் மாதா படம், அதற்குக் கீழே கடிகாரம், பன்னிரண்டு பதினேழு.

“நாங்க ஒரு...” என்றேன். “நாங்க பதுளையில இருந்து வர்றோம்.”

“சரி” என்றார் கணக்கப்பிள்ளை.

அதற்கு மேல் வரவில்லை. இரண்டு வரியும் தலைக்குள் தெளிவாக இருந்தது. எழுதிக் கொடு என்றால் எழுதிக் கொடுத்திருப்பேன். வாய்தான் திறக்கவில்லை. நான் பேஸைப் பார்த்தேன். மாலா வரி மறந்து நிற்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அவசரமில்லை, வாங்க, என்கிற முகம். அவருடைய வலது பாதம் சிமெந்துத் தரையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. சமன் வியர்வையைத் துடைத்தார். சமையலறைத் திரைக்குப் பின்னால் டீக் கோப்பைகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்டது. தட்டோடு யாரோ அங்கேயே நிற்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. ஆறுதலா இருந்து டீ குடிச்சிட்டுப் போங்க.”

பேஸின் பாதம் நின்றது.

“ஒக்காருங்க” என்றார். நான் அவரிடம் கேட்டறியாத குரல். கணக்கப்பிள்ளையே உட்கார்ந்துவிட்டார்.

“இவரு எனக்கு அண்ணன் மாதிரி. முறைப்படி இவருதான் பேசணும். இவரு வாய் திறக்குற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தா எனக்கு அறுவது வயசாயிரும். அதனால நானே கேக்குறேன். தப்பா நெனைக்காதீங்க. உங்க தங்கச்சிய எனக்குக் குடுங்க.”

மாலா தலையில் கை வைத்தார். 

“மாப்பிள்ளையே பேசுறதா?” என்றார் கணக்கப்பிள்ளை. “இது என்ன பழக்கம்?”

“பழக்கம் இல்லாததுதாங்க. ஏழு வருஷத்துக்கு முந்தியே வந்திருக்கணும். வராதது என் பெழ.”

“பேண்டுக்காரங்க வீட்டுல தங்க மாட்டாங்களே. இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்க.”

“கடையில வேல இருக்குங்க. சனி ஞாயிறுதான் வாசிக்கிறது.”

“நாளைக்கு வர்றவங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்?”

அப்போது திரை விலகியது. செலின் டீத் தட்டோடு வந்தார். நீலப் பூப்போட்ட கவுன், பூசைக்குப் போய் வந்த முக்காடு இன்னும் தலையில் இருந்தது. எல்லோருக்கும் டீ கொடுத்தார். அண்ணனுக்குக் கடைசியாகக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“நேரமாச்சுன்னா நீங்க போங்கண்ணே. போற வழியில ஹட்டனுக்கு ஒரு கோல் எடுத்து, வர வேணாம்னு சொல்லிருங்க.”

சமன் டீ புரையேறி இருமினார். கணக்கப்பிள்ளை தங்கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கணக்கப்பிள்ளை என்னிடம் திரும்பினார்.

“நீங்க மூத்தவர்ங்கிறாங்க. நீங்க என்னங்க சொல்றீங்க?”

“நல்லவருங்க” என்றேன். எனக்கு வந்தது அந்த ஒரு சொல்தான்.

கணக்கப்பிள்ளை பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார். பேஸைப் பார்த்து, “குடிங்க, டீ ஆறுது” என்றார். அது சம்மதம் என்று மாலாவுக்குத்தான் முதலில் விளங்கியது. எழுந்து தட்டைத் தூக்கி அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டார்.

கணக்கப்பிள்ளையின் பஸ் போயிருந்தது. சாமான் வாங்க வேண்டிய காரணமும் போயிருந்தது. ஆனாலும் கிளம்பியது கிளம்பியதுதான் என்று எங்கள் வேனிலேயே பண்டாரவளைக்கு வந்தார். ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து வழியெல்லாம் விசாரணை.

“குடிப்பீங்களா?”

“இல்லங்க.”

“அவன் டீயே எல்லாரும் குடிச்சப்பறம்தான் குடிப்பான்” என்றார் சமன். 

பெரியவரைப் பெரகலையில் நேரத்துக்கு இறக்கிவிட்டோம். பேரிக்காய்க்குப் பதில் ஒரு முழு நத்தார் கேக்கை அந்த வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மகளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹாலிஎலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. வெள்ளி விழாத் தம்பதி மேடைக்குக் கீழே மாலையோடு நின்றார்கள். அவசர அவசரமாக வயர்களைச் சொருகினேன். முதல் பாட்டு தொடங்கியது. ஏதோ சரியில்லை. டிரம்மில் சமன் துரத்திக்கொண்டு போகிறார், கீபோர்டில் மாலாவின் விரல்கள் தடுமாறுகின்றன. பேஸ்தான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட ஓடாத மனிதர் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். மாலா மூச்செடுப்பதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

“யாருங்க தொரத்துறா ஒங்கள?” என்று மாலா பாட்டுக்கு நடுவிலேயே திரும்பிக் கேட்டது மைக்கில் போய்விட்டது. கூட்டம் சிரித்தது. அவருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்துப் பொத்தான் திறந்திருக்க, சிரித்துக்கொண்டே வாசித்தார். ஐம்பதைத் தாண்டிய வெள்ளி விழா மாப்பிள்ளை அந்த வேகத்துக்கு ஆட முயன்று, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மனைவியின் கையை விடாமல் குதித்துக்கொண்டிருந்தார்.

இப்படித் தாளம் தப்பி ஒருவர் ஓடினால் அவருடைய சத்தத்தைக் குறைத்துவிடுவதுதான் சவுண்ட் பார்க்கிறவன் வேலை. சமன் டிரம்முக்குப் பின்னாலிருந்து, குறை, குறை என்று எனக்குக் கையால் காட்டினார்.

நான் கூட்டினேன்.